நண்பரின் வீட்டில் சக்கர நாற்காலி தடையின்றி ஓட: அளவெடுப்பதிலிருந்து நிதி திரட்டி வேலையை முடிப்பது வரை

முதுகுத்தண்டில் அடிபட்டு, மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரை முதலில் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அவருடைய சொந்த வீடுதான். வாசலில் மூன்று படி, நிலைவாசலில் ஒரு கீழ்ப்படி, உள்ளே போனால் நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு. அறுவை சிகிச்சைக்கு என்றால் தெரியாதவர்கள்கூடப் பணம் அனுப்புகிறார்கள். குளியலறைக் கதவை இடித்து அகலமாக்க வேண்டும் என்றால், "அதற்கு எதற்கு இவ்வளவு?" என்று நெருங்கிய உறவினரே கேட்பார். உயிரைக் காப்பாற்றியதோடு கடமை முடிந்தது என்று ஊர் நினைத்துவிடுகிறது. காப்பாற்றப்பட்டவர் அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களைத் தடையற்றவையாக்க வேண்டும் என்கிறது. தனி வீட்டை மாற்றிக் கட்டும் செலவோ குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அந்தச் செலவை நண்பர்கள் சேர்ந்து தூக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: வீடு அவருடையது, எனவே திட்டமும் அவருடையது. நாம் கைகொடுப்பவர்கள் மட்டுமே.

முதலில் அவரிடம் பேசுங்கள்

நல்ல எண்ணத்தில் நண்பர்கள் செய்யும் பெரிய அவசரம், வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிட்டு நண்பரிடம் பிறகு சொல்வது. நம் ஊரில் கைநீட்டுவதைப் பற்றிப் பலருக்கும் ஆழமான கூச்சம் உண்டு. அதிலும் நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவருக்கு அது இன்னும் கடினம். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதுதான் முடிவு. சில வாரங்கள் கழித்து மறுபடி பேசலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூடத் திரட்டக் கூடாது.

அவர் சம்மதித்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். தன்னைப் பற்றி எவ்வளவு விவரம் வெளியே போகலாம்? யாரிடம் கேட்கக் கூடாது? (பழைய முதலாளி, மனைவி வீட்டார், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி என்று எல்லோர் வாழ்விலும் ஒரு பட்டியல் இருக்கும்.) பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும்? இந்தப் பதில்களைப் பொறுப்பேற்கும் இரண்டு மூன்று பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவருடைய ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு யார் மாற்றுகிறார்கள்? கழிப்பறைக்கு எப்படிப் போகிறார்? மனைவியோ அம்மாவோ வெளியே போயிருந்தால் என்ன செய்கிறார்? இந்தக் கேள்விகள் வேலைகளின் வரிசையையே மாற்றிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வாசற்படிதான் கண்ணில் படுகிறது. சாய்தளம் கட்டினால் போதும் என்று நினைப்பார்கள். வாசலைத் தாண்டுவது நாளுக்கு ஓரிரு முறைதான், கழிப்பறையோ சில மணி நேரத்துக்கு ஒரு முறை தேவை. தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அது சிறுநீர்த் தொற்றிலும் கல்லிலும் கொண்டுபோய் விடும். அதனால் பணம் குறைவாக இருந்தால் குளியலறையை முதலிலும் சாய்தளத்தை அடுத்தும் வைக்கவே நான் சொல்வேன். ஆனால் நண்பர் "எனக்கு முதலில் வெளிக்காற்று வேண்டும்" என்றால், சாய்தளம்தான் முதலில்.

டேப்பை எடுங்கள்

அளவு இல்லாமல் கேட்கும் பணம் பெரும்பாலும் தவறான வேலைக்குப் போய்விடும். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட தடையற்ற கட்டட நெறிமுறைகளில் நமக்கு வேண்டிய அடிப்படை அளவுகள் இருக்கின்றன. வீட்டுக்கு அவை கட்டாயமில்லை என்றாலும் அவற்றை இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

சாய்தளத்தில் விதி எளிது. ஏற வேண்டிய உயரம் ஒரு பங்கு என்றால், நீளம் குறைந்தது பன்னிரண்டு பங்கு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். சாலையை மேலே மேலே போடுவதால் இப்போது வீடுகளை மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார்கள். அங்கே 36 அடி. நேராக இடம் இல்லையென்றால், நடுவில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். மேலே கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் கட்டாயம் வேண்டும். கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளாமல் நிற்க வேண்டுமல்லவா?

இங்கேதான் கொத்தனாரோடு வாக்குவாதம் வரும். பெரும்பாலான மேஸ்திரிகளுக்குத் தெரிந்த சாய்தளம் ஸ்கூட்டர் ஏற்றுவதற்கானது. ஒன்றரை அடி உயரத்துக்கு நாலைந்து அடியில் முடித்துவிடுவார்கள். வண்டிக்கு எஞ்சின் இருக்கிறது, ஏறிவிடும். கைகளால் உருட்டிக்கொண்டு ஏறுபவர் அந்தச் சரிவில் பின்பக்கமாகக் கவிழ்வார். இறங்கும்போது முகம் குப்புற விழுவார். "இவ்வளவு நீளம் எதற்கு சார், இடம் வீணாகிறதே" என்று மேஸ்திரி சொல்வார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சக்கர நாற்காலியில் அவரையே உட்காரவைத்து, பக்கத்து அரசு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ உள்ள ஒழுங்கான சாய்தளத்தில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் அவரே பன்னிரண்டு பங்குக் கணக்கைக் காப்பாற்றுவார்.

அகலம் நான்கடி இருந்தால் வசதி. இரண்டு ஓரத்திலும் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குச் சிறு திட்டு இருந்தால் முன்சக்கரம் வெளியே நழுவாது. மேற்பரப்பில் பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கீறிவிட்டால் மழையிலும் பிடிமானம் கிடைக்கும். சாய்தளம் காம்பவுண்டுக்குள்ளேயே முடிய வேண்டும். தெருவில் நீட்டினால் அது ஆக்கிரமிப்பு. நன்கொடையாளர்களின் பணத்தில் கட்டியது ஒருநாள் பொக்லைனில் போய்விடும். இடமே இல்லாத வீட்டுக்கு, ஆளை நாற்காலியோடு செங்குத்தாக உயர்த்தும் சிறிய மேடை லிப்ட் ஒரு வழி. செலவு அதிகம், மின்சாரமும் பராமரிப்பும் தேவைப்படும். அதற்கு முன் பக்கவாட்டுச் சந்து, கொல்லைப்புறம் வழியாக நுழைய முடியுமா என்று பாருங்கள். கொல்லைப்புற வாசல் பல வீடுகளில் ஒரு படிதான் இருக்கும். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: சொந்த வீட்டுக்குக் கொல்லைவழியாக மட்டுமே போய்வருவது சிலருக்கு மனத்தை அறுக்கும்.

நிலைவாசலின் கீழ்ப்படி தனிச் சிக்கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படியை வெட்ட வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். ஒப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. படியின் இரண்டு பக்கமும் மரத்திலோ ரப்பரிலோ சிறு சரிவுகள் செய்து வைத்தால் நாற்காலி ஏறி இறங்கிவிடும். வாசலில் கோலம் போட இடம் விட்டுச் சாய்தளத்தை ஒதுக்கிக் கட்டுங்கள். வீட்டுக்காரர்கள் மனமுவந்து ஏற்கும் மாற்றம்தான் நிலைக்கும்.

கதவுகளுக்கு நெறிமுறை சொல்லும் அளவு 90 செ.மீ. தெளிவான அகலம். நம் வீட்டுக் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடி. நிலைச்சட்டமும் கதவின் தடிமனும் போக 65 செ.மீ. தேறினால் அதிகம். நாற்காலியே அறுபது செ.மீட்டருக்கு மேல் இருக்கும், அதற்கு வெளியே கைகளுக்கும் இடம் வேண்டும். சுவரை இடிக்க முடியாத இடத்தில் கதவை மட்டும் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி ஓடும் இழுவைக் கதவு போட்டால் சில செ.மீ. மிச்சமாகும். குளியலறைக் கதவு உள்நோக்கித் திறக்கவே கூடாது. அவர் உள்ளே விழுந்துவிட்டால், விழுந்த உடலே கதவை அடைத்துக்கொள்ளும்.

குளியலறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். இருக்கும் இடத்தில் அது கிடைக்கவில்லையென்றால், பக்கத்து அறையிலிருந்து இரண்டடியைக் கடன் வாங்குவதா, அல்லது படுக்கையறை மூலையில் புதிதாகக் கட்டுவதா என்று பொறியாளரோடு பேசுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை இருக்கையின் உயரம், மெத்தையோடு சேர்ந்த நாற்காலி உயரத்துக்கு நெருக்கமாக, 45 முதல் 48 செ.மீ. வரை இருக்கட்டும். பக்கத்தில் நாற்காலியை நிறுத்த மூன்றடி இடம் விடுங்கள். கைப்பிடிக் கம்பிகள் ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டியவை. டைல்ஸில் மட்டும் துளையிட்டு மாட்டினால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல் சுவருக்குள் ஆழமாக இறங்க வேண்டும். வாசலில் தண்ணீரைத் தடுக்கப் போட்டிருக்கும் கல்லை எடுத்துவிட்டு, கதவோரம் நீளமான கம்பிவலை வடிகால் அமைத்தால் தண்ணீர் வெளியே வராது, சக்கரமும் தடுக்காது. கால்களில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுதண்ணீர் பெரிய ஆபத்து; சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். கீசரின் வெப்பத்தைக் குறைத்து வைப்பதும், வாஷ்பேசினுக்குக் கீழே ஓடும் சுடுநீர்க் குழாயை மூடுவதும் சில நூறு ரூபாய் வேலைகள், ஆனால் மறந்துவிடக் கூடாதவை.

சமையலறை, சுவிட்சுகள், கட்டில் உயரம் ஆகியவற்றை அவர் வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். மூன்று மூன்றரை அடி உயரத்தில் சுவிட்சுகளும், நாற்காலிக்குச் சமமான உயரத்தில் கட்டிலும் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

இந்த அளவுகளை ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய நோயாளியைப் பழக்கும் மறுவாழ்வு வல்லுநர்) பார்த்துவிட்டால் பாதிப் பிழைகள் காகிதத்திலேயே திருந்திவிடும். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிறுவனம் பாகாயத்தில் 1966இல் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு நண்பரோடு ஒருமுறை போய்வருவது, படம் பார்த்து முடிவு செய்வதைவிட நூறு மடங்கு பயன் தரும். அங்கே அவர் தானே உருட்டிப் பார்ப்பார். தனக்கு எது ஒத்துவரும் என்று தானே சொல்வார்.

வாடகை வீடாக இருந்தால் எதையும் இடிக்கும் முன் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்குங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அதைக் கேட்கிறது. "இந்த மாற்றங்களை நாங்கள் செய்கிறோம், பதிலுக்கு இத்தனை ஆண்டுகள் காலி செய்யச் சொல்லக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளப் பாருங்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய இரும்புச் சாய்தளத்தைக் கிரில் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

எஸ்டிமேட்

இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இடிப்பு, கட்டுமானம், பிளம்பிங், மின்வேலை, கம்பி வேலை, கழிவு அகற்றும் வண்டி என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனவே மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் எதிர்பாராச் செலவாகச் சேருங்கள். எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது: குளியலறையை இடித்திருக்கும் நாட்களில் அவர் எங்கே குளிப்பார், எங்கே போவார்? உறவினர் வீடோ, அறைக்குள் வைக்கும் கமோடு நாற்காலியோ, அதற்கும் செலவு உண்டு.

மொத்தத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள். முதல் கட்டத்துக்கான பணம் வந்ததும் வேலை தொடங்கட்டும். முழுத்தொகை சேரும்வரை காத்திருந்தால் நண்பர் காத்திருக்க வேண்டியிருக்கும், கொடுத்தவர்களும் சலித்துப்போவார்கள்.

பணம் எந்த வழியாக வருவது

பலருக்குத் தெரியாத விஷயம்: நண்பர்கள் தரும் பணம் வரிச்சட்டத்தின் பார்வையில் பரிசு. உறவினர் என்று சட்டம் வரையறுத்தவர்கள் தருவதற்கு வரி இல்லை. நண்பர்கள் அந்த வரையறைக்குள் வர மாட்டார்கள். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் முழுத்தொகையும் பெறுபவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நண்பரின் மற்ற வருமானம் குறைவாக இருந்தால் வரி வராமலே போகலாம். ஆனாலும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். ஒரு ஆடிட்டரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். நல்ல காரியம் என்று தெரிந்தால் பல ஆடிட்டர்கள் கட்டணமே வாங்குவதில்லை.

இதனால்தான் பணத்தைத் திரட்டுபவரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்லவே கூடாது. அது அவருடைய வருமானமாகத் தெரியும். வீண் சந்தேகமும் வரும். நண்பரின் பெயரில், இதற்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குவது நல்லது. அவர் விரும்பினால் நம்பிக்கையான ஒருவரையும் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம். யு.பி.ஐ. குறியீடும் அந்தக் கணக்குடையதாகவே இருக்கட்டும். ரொக்கமாகத் தருபவர்களுக்குச் சிறு ரசீதுப் புத்தகம் ஒன்று போதும். ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பெரிய தொகை தேவைப்பட்டால் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகப் போவது வசதி. கொடுப்பவர்கள் பழைய வரி முறையில் இருந்தால், 80ஜி என்று அறியப்படும் நன்கொடை வரிச் சலுகை கிடைக்கும் (2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது). நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பொதுவாகத் தனிநபர் கணக்குக்கு வராது. அதற்கெனப் பதிவு செய்த அமைப்புக்குத்தான் வரும். அறக்கட்டளை நிர்வாகச் செலவாக எத்தனை சதவீதம் எடுக்கும், பணத்தை யாருக்கு எப்போது தரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மிலாப், கேட்டோ போன்ற இணையதளங்கள் தெரியாதவர்களையும் எட்டிப்பிடிக்கும். கட்டணம், ஜி.எஸ்.டி., பணம் கொடுப்பவரிடம் தானாகச் சேர்க்கப்படும் "டிப்" ஆகியவற்றைப் படித்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள். என் கருத்தில் வீட்டு வேலைக்கு இந்தத் தளங்கள் இரண்டாம் வழிதான். உயிருக்குப் போராடும் குழந்தைகளின் படங்களுக்கு நடுவே ஒரு குளியலறைக் கதவு கண்ணில் படாது. அவரை அறிந்த வட்டம்தான் இதன் அருமையை உணரும்.

வெளிநாட்டு நண்பர்கள் இருந்தால் ஒரு கவனம். இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்பினால் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அது வேறு விஷயம். அவர்களிடம் பணம் வாங்கும் முன் ஆடிட்டரின் ஆலோசனை கட்டாயம்.

கேட்பது எப்படி

பொதுவெளிக்குப் போகும் முன் நெருங்கிய பத்துப் பதினைந்து பேரிடம் தொலைபேசியில் பேசுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது அவர்களிடமிருந்து வந்த பிறகு குழுக்களில் போடுங்கள். ஏற்கெனவே நகரத் தொடங்கிய காரியத்தில்தான் மற்றவர்களும் கைவைப்பார்கள்.

அவர் படுக்கையில் கிடக்கும் படத்தைப் போடாதீர்கள். அந்தப் படம் இணையத்தில் நிரந்தரமாகத் தங்கும். நாளை அவர் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாலும், அவருடைய மகள் பள்ளியில் தலைநிமிர்ந்து நடந்தாலும், அது பின்தொடரும். அதற்குப் பதில் குளியலறைக் கதவின் குறுக்கே டேப் பிடித்து ஒரு படம், நாற்காலியின் குறுக்கே டேப் பிடித்து ஒரு படம். சிக்கல் என்னவென்று யாருக்கும் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

செய்தி இப்படி இருக்கலாம்:

"நண்பர்களுக்கு வணக்கம். நம்முடன் படித்த நண்பர் இப்போது சக்கர நாற்காலியில் இயங்குகிறார். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலையைத் தொடங்கியிருக்கிறார். அவர் வீட்டுக் குளியலறை வாசல் 26 அங்குலம், நாற்காலி 25 அங்குலம். கைகளால் உருட்டிக்கொண்டு தனியாக உள்ளே போக முடியவில்லை. வாசலை 36 அங்குலமாக்கி, கழிப்பறையை மாற்றி, வெளியே 18 அடிச் சாய்தளம் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டை இணைத்திருக்கிறோம். மூன்றில் ஒரு பங்கை அவருடைய குடும்பமும் நெருங்கிய நண்பர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். மீதியை வரும் மாத இறுதிக்குள் திரட்ட வேண்டும். சாய்தளத்தில் ஓர் அடியையோ ஒரு கைப்பிடிக் கம்பியையோ நீங்கள் ஏற்கலாம். கணக்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. வரவு செலவை வாராவாரம் தெரிவிப்போம். மிஞ்சினால் நாற்காலியின் மெத்தைக்கும் டயருக்கும் ஒதுக்குவோம். இதை அவர் படித்துச் சம்மதித்த பிறகே அனுப்புகிறோம்."

'ஓர் அடி' என்று பிரித்துச் சொல்வது நன்றாக வேலை செய்யும். பெரிய தொகையைப் பார்த்து ஒதுங்குபவர்கூட ஓர் அடியை ஏற்றுக்கொள்வார். பதினெட்டில் பதினொன்று முடிந்தது என்றால் மீதி ஏழு தானாக நகரும். ஆனால் கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல 'உபயம்' என்று யாருடைய பெயரையும் சாய்தளத்தில் பொறிக்காதீர்கள். அவர் தினமும் அதன்மேல் போய்வர வேண்டும்.

பணம் கொடுத்தவர் பட்டியலைத் தொகையோடு வெளியிடும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. நூறு ரூபாய் கொடுத்த ஆட்டோக்காரர் பத்தாயிரத்துக்குக் கீழே தன் பெயரைப் பார்த்துக் குறுகக் கூடாது. கொடுக்க இயலாதவர் பட்டியலில் இல்லாமல் தனித்துத் தெரியக் கூடாது. மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியே நன்றியும் ரசீதும் அனுப்புங்கள்.

பணமாக இல்லாமல் பொருளாகவும் கேளுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர் பத்து மூட்டை சிமென்ட் தருவார், டைல்ஸ் கடையில் மிச்சப் பெட்டி இருக்கும், எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் கூலி வாங்காமல் செய்வார். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடம் "உதவி செய்யுங்கள்" என்று போகாமல், "கைப்பிடிக் கம்பிகள் முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று எஸ்டிமேட்டோடு போங்கள்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து இருக்கிறது. 2024இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை மொய் விருந்து வைத்தே நிதி திரட்டியது. நல்ல வழி. ஒன்றை மட்டும் அழைப்பிதழிலேயே தெளிவாக்கிவிடுங்கள்: மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். எழுதுபவர் கொடையாக நினைத்து எழுதுகிறாரா, மொய்யாக எழுதுகிறாரா என்பது குழம்பினால், வருங்காலத்தில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் நண்பர் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். "இது கொடை, மொய் நோட்டு கிடையாது" என்று அச்சிடுங்கள்.

அரசிடமிருந்து வருவதை விட்டுவிடாதீர்கள்

மாற்றுத்திறனுக்கான மருத்துவச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தரப்படும், நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லையென்றால் அவற்றுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்; மற்ற எல்லாவற்றுக்கும் அவைதான் சாவி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சக்கர நாற்காலி, மின்கல நாற்காலி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் போன்றவற்றுக்கும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனுச் செய்யலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண்ணோடு ஒப்புகை கிடைக்கும். அங்கிருந்து நாற்காலி வந்துவிட்டால் அதற்கு ஒதுக்கிய பணம் குளியலறைக்குப் போகும். நாற்காலியின் அகலம் மாறினால் கதவு அளவும் மாறும் என்பதால், எந்த நாற்காலி என்று முடிவான பிறகே சுவரை இடியுங்கள்.

வேலை நடக்கும்போது

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணையை அவர் பயன்படுத்திப் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். பில்கள் எல்லாம் நண்பரின் பெயரிலேயே இருக்கட்டும்.

சிமென்ட் போடும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நாற்காலியை உருட்டித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி மாட்டும் இடத்தை மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது. நண்பர் இருக்கையில் உட்கார்ந்து கைநீட்டும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். எல்லோர் கையும் ஒரே நீளம் இல்லை. ஒரு கை வலுவாகவும் மற்றது பலவீனமாகவும் இருக்கலாம். சாய்தளத்துக்குப் பலகை அடித்ததும், கான்கிரீட் கொட்டும் முன், டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டத்தில்) உயரத்தை மறுபடி சரிபாருங்கள். கொட்டிய பிறகு குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு நாற்காலியை ஏற்றினால் ஓரங்கள் உதிரும்.

வேலை முடிந்ததும் இறுதிக் கணக்கை, பில்களின் படங்களோடு, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். திட்டமிட்டதைவிட எந்த இடத்தில் கூடுதலாகச் செலவானது என்பதையும் எழுதுங்கள். வீட்டின் உள்படங்களை அனுப்புவதா என்பதை நண்பரும் குடும்பமும் முடிவு செய்யட்டும். குளியலறை அவர்களுடையது, திறப்பு விழா தேவையில்லை.

கையிருப்பில் ஒரு சிறு தொகையை ஒரு மாதத்துக்காவது தொடாமல் வையுங்கள். பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் கம்பி இரண்டு அங்குலம் கீழே இருந்திருக்கலாம், தாழ்ப்பாள் கைக்கு எட்டவில்லை, வடிகாலில் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் தெரியவரும். கோடையில் கட்டியிருந்தால், ஐப்பசி மழை ஒருமுறை பெய்யும்வரை அந்தத் தொகையை நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது. சாய்தளம் வழுக்குகிறதா, தண்ணீர் அதன் வழியாக வீட்டுக்குள் திரும்புகிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.